எண்ணெய் நிலையத்துக்கு நிலம் கேட்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கர் செம்பனை நிலம் சிம்பாங் அம்பாட்டுக்கும் சுங்கை பக்காப்புக்கும் நடுவே பெரிய ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக் கிணறும் இன்னும் இருக்கிறது. அப்பா 2019-இல் தவறிவிட்டார். உயில் இல்லை. அம்மாவுக்கு 78 வயது. பிள்ளைகள் அண்ணன், நான், தம்பி என மூன்று பேர். போன மாதம் ஒருவர் வந்து, ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, ரோட்டோரம் உள்ள ஓர் ஏக்கரைப் பெட்ரோல் எண்ணெய் நிலையம் கட்ட 30 வருடக் குத்தகைக்குக் கேட்டார். மாதம் 8,000 வெள்ளி தருவார்களாம். 10,000 வெள்ளிக்குச் செக் கொடுத்துவிட்டு, ஆப்ஷன் பத்திரத்திலும் ஒரு பவர் பத்திரத்திலும் இந்த வாரமே கையெழுத்துக் கேட்கிறார். தம்பி போடலாம் என்கிறான், அண்ணன் தயங்குகிறார். இந்த வாடகை நியாயமா? 30 வருடம் கழித்து நிலம் எங்களிடம் திரும்பி வருமா? பத்திரங்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.
வாசகி, நிபோங் திபால், மலேசியா

பதில்: சகோதரி, முதலில் அந்தச் செக்கை வங்கியில் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களோ என்ற பயத்தில்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய 11 பக்கத்தையும் படித்தேன். உங்கள் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் 8,000 வெள்ளி, ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரியில் வருகிறது. மீதிப் பக்கங்களெல்லாம் நிலத்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியாதபடி பூட்டி வைப்பதைப் பற்றித்தான். அதில் குத்தகை இன்னும் தொடங்கவே இல்லை. வந்தவர் இப்போது கேட்பது பூட்டை மட்டும்தான், சாவி அவர் கையில்.

கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறீர்கள். இன்றைய நிலையில் உங்கள் குடும்பத்தில் யாருக்குமே அந்த அதிகாரம் இல்லை. கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது. நாலு பேரும் ஒரு மனதாகப் போட்டாலும் நில அலுவலகத்துக்கு அந்த வாரிசுகள் இன்னும் உரிமையாளர்கள் கிடையாது. உயில் இல்லை என்பதால், அப்பாவின் மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் நில அலுவலகத்திலேயே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். முன்பு இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது, 2024 ஜூலையில் உயர்த்தினார்கள். உங்கள் நிலத்துக்குச் சுங்கை ஜாவியில் உள்ள செபராங் பிறை தென் மாவட்ட நில அலுவலகம். அங்கே மனுப் போட்டால் விசாரணைக்கு எல்லா வாரிசுகளையும் கூப்பிடுவார்கள்.

தாத்தா, பாட்டி இருவரும் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் மூவருக்கும் சமமாக. விசாரணையின்போது "அம்மா எதுக்கு, எங்க பேருலயே போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். இத்தனை வருடத்தில் அந்த வாசகம் வராத விசாரணையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் பங்கு அம்மா பெயரிலேயே இருக்கட்டும். 78 வயதில் வாடகையில் மூன்றில் ஒன்று மாதாமாதம் தன் கணக்கில் விழுந்தால், மருந்துக்குக்கூட பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். வந்தவர் நிஜமாகவே நிலையம் கட்ட நினைப்பவர் என்றால் காத்திருப்பார். எப்படியும் அவர் வாங்க வேண்டிய அனுமதிகளுக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

அப்புறம் ரோடு. கடிதத்தில் பெரிய ரோடு என்கிறீர்கள், அந்த மனிதர் கொடுத்த தாளில் ஹைவே என்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு. பிளஸ் என்ற கட்டண நெடுஞ்சாலையின் வேலியை ஒட்டிய நிலம் என்றால் அதிலிருந்து யாருக்கும் தனி வாசல் கிடைக்காது. அங்குள்ள எண்ணெய் நிலையங்கள் ஓய்விடங்களிலும் நிறுத்துமிடங்களிலும் நெடுஞ்சாலைக்குரிய நிலத்தில் இருப்பவை, தனியார் தோட்டத்துக்கு அதில் இடமில்லை. உங்கள் நிலம் பழைய முதலாம் எண் கூட்டரசு சாலையை ஒட்டியது என்று படத்தில் தெரிகிறது. நல்லது. அங்கே வாசல் வைக்கப் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். அனுமதி வேண்டும். வண்டிகள் வேகம் குறைத்து ஒதுங்க ஒரு தடம் போடச் சொல்வார்கள், அதற்கு நிலத்தின் முன்பக்கத்தில் கொஞ்சம் போகும். இன்னொன்றும் படத்தில் தெரிகிறது. ரோட்டுக்கும் உங்கள் செம்பனைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறதே, இப்போது மரப்பலகை போட்டுத் தாண்டுகிறீர்கள், அது யாருடைய ஒதுக்கீட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வடிகால், நீர்ப்பாசனத் துறையுடையது என்றால் மேலே பாலம் கட்ட அவர்களிடமும் போக வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று 11 பக்கத்தில் எங்கேயும் இல்லை.

இப்போது அந்தப் பவர் பத்திரம், அதாவது உங்கள் சார்பில் காரியம் செய்ய அவருக்கு அதிகாரம் கொடுக்கும் தாள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று யாராவது என் கழுத்தில் கத்தி வைத்தாலும், மூன்றாம் பக்கத்து நாலாவது பத்தியை மட்டும் அடித்துவிட்டுத்தான் போடுவேன். மனுக்கள் போட, திட்டங்கள் சமர்ப்பிக்க என்று சாதுவாகத் தொடங்கி, நடுவில் விற்க, அடகு வைக்க என்று இரண்டு சொல் செருகியிருக்கிறார்கள். கடைசி வரியில் இந்தப் பவரைத் திரும்பப் பெற முடியாது என்றும் எழுதியிருக்கிறது. விலை வாங்கிக்கொண்டு கொடுத்த, திரும்பப் பெற முடியாது என்று எழுதப்பட்ட பவரைக் கொடுத்தவர் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்வது லேசில் நடக்காது, அவர் இறந்தாலும் அது நிற்கக்கூடும். அந்த 10,000 வெள்ளி செக் எதற்கு என்று இப்போது புரிகிறதா? முன்பணம் என்று நினைத்தீர்கள். அது அந்தப் பவருக்கான விலை. மாநகர் மன்றம், ஜே.கே.ஆர்., நில அலுவலகம் ஆகியவற்றுக்கு மனுப் போட மட்டும் காலக்கெடுவோடு ஒரு பவர் கொடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

ஆப்ஷன் காலமும், அதாவது குத்தகைக்கு எடுப்பதா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்ய நீங்கள் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் காலமும், அப்படித்தான். 12 மாதம், கம்பெனி விரும்பினால் மேலும் 12 மாதம், அதற்குப் பிறகு "அனுமதிகள் கிடைக்கும் வரை". கடைசி மூன்று சொல்லுக்கு முடிவே இல்லை. இதற்கிடையே அவர்கள் 19பி பாரத்தில் ஒரு தனியார் கேவியட், அதாவது நிலத்தில் வேறு எதையும் பதியவிடாத தடை, போட்டுவிட்டால் ஆறு வருடம் வரை அது கிராண்டில் உட்கார்ந்திருக்கும், நீக்க வேண்டுமென்றால் நீங்கள் அலைய வேண்டும். ஆப்ஷன் 12 மாதம், நீட்டிப்பு ஒரே தடவை, அதற்குத் தனிப் பணம், முடிந்த அன்றே கேவியட்டை நீக்கும் பாரத்தில் இப்போதே கையெழுத்து வாங்கி உங்கள் வழக்கறிஞரிடம் வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் வழக்கறிஞர் என்று சொன்னேன். அவர்கள் கூட்டிவரும் வழக்கறிஞர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர்களுடையவர்தான்.

பாரங்களின் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தலைப்பு மலாயில் பொடியாக இருக்கும், ஆனால் எண் பெரிதாக இருக்கும். 15ஏ என்றால் குத்தகை. 14ஏ நில உரிமை மாற்றம், அது உங்கள் கண்ணிலேயே படக்கூடாது. 16ஏ அடகு. கட்டுமானக் கடனுக்காகக் கம்பெனி தன் குத்தகையை வங்கியில் அடகு வைக்கலாம், அது வழக்கம்தான். ஆனால் 16ஏ பாரத்தில் அடகுப் பொருளாகக் குத்தகையைக் காட்டாமல் நிலத்தையே காட்டியிருந்தால், அவர்கள் கடன் கட்டாதபோது ஏலத்துக்குப் போவது உங்கள் அப்பாவின் நிலம்.

நிலச் சட்டப்படி மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கிராண்டில் பதிய வேண்டும். முழு நிலத்தையும் 99 வருடம் வரை குத்தகைக்கு விடலாம், ஒரு பகுதியை மட்டும் என்றால் 30 வருடம்தான் உச்சம். அவர் ஏன் சரியாக 30 என்றார் என்பது இதனால்தான்.

இதற்கடுத்துச் சொல்வதைத் தம்பிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். ரோட்டோரம் ஓர் ஏக்கரைக் கேட்கிறார்கள். உங்கள் நிலத்தின் முகப்பு முழுவதும் அந்த ஓர் ஏக்கரில்தான் இருக்கிறது. பத்திரத்தோடு இணைத்திருக்கும் வரைபடத்தைப் பாருங்கள், சிவப்புக் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போகிறது. அதைக் கொடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் ஒன்றரை ஏக்கருக்குப் போக வழி எது? செம்பனைக் குலை ஏற்றும் லாரி எண்ணெய் பம்புகளுக்கு நடுவே புகுந்து போக எந்தக் கம்பெனி விடும்? வழியில்லாத நிலத்தை வாங்குபவன் பக்கத்து நிலத்துக்காரன் மட்டும்தான், அவன் சொல்வதுதான் விலை. வாடகைக்குப் பேரம் பேசுவதற்கு முன்பு இதைப் பேசுங்கள்: நிலத்தின் ஓர் ஓரமாக 40 அடி அகலத்தில் பின்நிலத்துக்கு ஒரு வழி, சிவப்புக் கோட்டுக்கு வெளியே. எண்ணெய் நிலையத்துக்கு ஓர் ஏக்கர் போதாது என்று அவர்கள் முகம் சுளித்தால், முகப்பின் நீளத்தை விட்டுக்கொடுக்காமல் ஆழத்தில் கூட்டிக் கொடுங்கள்.

இதோடு சேர்ந்தது நில வகை மாற்றம். உங்கள் கிராண்டில் வகை விவசாயம் என்றுதான் இருக்கும். அதைக் கட்டட வகைக்கு மாற்ற 124-ஆம் பிரிவின்கீழ் மனுப் போட்டு, மாநில அரசுக்குப் பிரிமியம் என்ற மாற்றக் கட்டணம் கட்ட வேண்டும். அது சின்னத் தொகையாக இருக்காது. நிலத்தைப் பிரிக்காமல் மாற்றினால் இரண்டரை ஏக்கருக்கும் பிரிமியம், அதற்குப் பிறகு இரண்டரை ஏக்கருக்கும் வணிக நிலவரி. பிரிவினையையும் மாற்றத்தையும் சேர்த்து ஒரே மனுவாகப் போட வழி இருக்கிறது, அப்படிப் போடச் சொல்லுங்கள். மிஞ்சும் விவசாய நிலம் 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு, குறையக்கூடாது என்பது சட்டம். வழி விட்ட பிறகும் உங்களுக்கு அது தாராளமாக இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரித்த பிறகு முன்பகுதி தனிக் கிராண்டு ஆகிவிடும், அப்போது அது முழு நிலம் என்ற கணக்கில் வரும், 30 வருட உச்சம் போய்விடும். அதனால் காலத்தை ஒப்பந்தத்திலேயே எண்ணாகவும் எழுத்தாகவும் போட்டு, நீட்டிப்பு உங்கள் சம்மதத்தோடு மட்டும் என்று எழுதுங்கள்.

பிரிமியம், அளவை, வாய்க்கால் பாலம், ஜே.கே.ஆர். தடம் எல்லாமே குத்தகைக்காரர் செலவு. மனுவில் உரிமையாளராகக் கையெழுத்துப் போடுவது மட்டும் உங்கள் வேலை. நிலத்தின் நிபந்தனையில் "எண்ணெய் நிலையம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். 30 வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் அங்கே நாலு கடை கட்ட நினைத்தால் மறுபடியும் மனு, மறுபடியும் பிரிமியம். பொதுவான வணிகக் கட்டடம் என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்காமலும் போகலாம், கேட்பதற்குக் காசில்லை.

செபராங் பிறை மாநகர் மன்றத்தின் திட்ட அனுமதி, தீயணைப்புத் துறையான பொம்பா, உள்நாட்டு வாணிப அமைச்சின் உரிமங்கள், 1984-ஆம் ஆண்டுப் பெட்ரோலியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் காரியங்கள் எல்லாம் அவர்கள் தலைவலி. கோலாலம்பூரில் இதே காரியத்துக்கு வேறு சட்டம், மாநகராட்சிக்குத் தனி அனுமதிமுறை. அதனால் அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் கதைகளை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். உங்களுக்கு முக்கியம், வாடகை எந்த நாளில் தொடங்குகிறது என்பது. அவர்கள் பத்திரத்தில் "நிலையம் இயங்கத் தொடங்கும் நாள்". அது வராமலே போகலாம். நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து பாதி வாடகை, கட்டுமானத்துக்கு 12 மாதம் கழித்து, நிலையம் திறந்தாலும் திறக்காவிட்டாலும், முழு வாடகை என்று கேளுங்கள்.

சரி, 8,000 வெள்ளி நியாயமா? உங்கள் ரோட்டில் என்ன போகிறது என்று பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள், அந்தக் காசு வீண் போகாது. நான் சொல்லக்கூடியது ஒரு கணக்கு மட்டும். 30 வருடத்துக்கும் 8,000 என்றே இருந்தால் மொத்தம் 28 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பத்து விழுக்காடு ஏறும் என்று எழுதினால் மொத்தம் ஏறத்தாழ 45 லட்சத்து 90 ஆயிரம், கடைசி மூன்று வருடத்தில் மாத வாடகை 18,800 வெள்ளியைத் தாண்டியிருக்கும். தொடக்க வாடகையில் 500 வெள்ளி கூட்டிக் கேட்டுத் தம்பி சண்டை போடுவதைவிட இந்த ஒரு வரிக்குச் சண்டை போடட்டும். விற்பனையில் லிட்டருக்கு இவ்வளவு என்று பங்கு தருகிறோம் என்பார்கள். எண்ணெய் விலையும் நிலையத்தாரின் கமிஷனும் அரசு வைப்பது, உங்கள் கையில் இல்லை. எத்தனை லிட்டர் விற்றது என்று தினமும் மீட்டரைப் பார்க்கப் போகிறீர்களா? நிலையான வாடகைக்கு மேலே ஒரு சிறு தொகையாக வந்தால் சரி, வாடகைக்குப் பதிலாக வேண்டாம்.

யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வந்தவர் பெரிய எண்ணெய் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார் என்கிறீர்கள். பத்திரத்தில் கையெழுத்திடப் போவது அந்த நிறுவனம் இல்லை, யாரும் கேள்விப்படாத ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி. அதன் மூலதனம், இயக்குநர்கள் யார் என்று கம்பெனிப் பதிவகத்தில் சில வெள்ளி கட்டிப் பார்த்துவிடலாம். அவர் தன்னைச் சொத்து முகவர் என்று சொன்னால், பதிவு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னக் கம்பெனி என்பதாலேயே கெட்டது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் நிறுவனங்களே கை மாறுகின்றன. 2012-இல் எஸ்ஸோவும் மொபிலும் பெட்ரோன் கைக்குப் போயின, இன்னும் எங்கள் வீட்டில் "எஸ்ஸோ பக்கத்துல திரும்பு" என்றுதான் சொல்கிறோம். குத்தகை வேறு கைக்குப் போகட்டும், ஆனால் உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு, ஆறு மாத வாடகைக்கு வங்கி உத்தரவாதம் உங்கள் கையில் இருக்கும்போது.

நிலம் திரும்பி வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரும். எந்த நிலையில் வரும் என்பதுதான் விஷயம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் நிலத்திலும் ஒரு நிலையம் இருந்து, குத்தகை முடிந்து, பம்புகளையும் மேற்கூரையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிமெண்டுத் தரையில் புல் முளைத்துக் கிடந்த இடத்தில் கடை கட்ட அஸ்திவாரம் தோண்டினார். ஆறடிக்குக் கீழே மண் கறுத்து, ஈரமாக இருந்தது. ஒரு பிடி மண்ணைச் செய்தித்தாளில் மடித்து எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். அறை முழுக்க பெட்ரோல் வாடை. எழுத்தரம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார். தாள் எண்ணெய் ஊறி அடியில் இருந்த கோப்பின் அட்டைவரை கறைபட்டுவிட்டது. அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது ஒரே வரி, "நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்". எது நல்ல நிலை என்று யார் சொல்வது? முன்பு மண் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. அந்தக் கறை பட்ட அட்டையை நான் இன்னும் மாற்றவில்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் இப்படி இருக்க வேண்டும். நிலத்தை ஒப்படைப்பதற்கு முன்பு ஆய்வகத்தில் ஒரு மண், நிலத்தடி நீர்ப் பரிசோதனை, அறிக்கை இரு தரப்பிலும் கையெழுத்தாகி ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். குத்தகை முடியும்போது நிலத்தடித் தொட்டிகள், குழாய்கள் எல்லாம் வெளியே வர வேண்டும், அதே இடங்களில் மறு பரிசோதனை. மண் பழைய அளவுக்குத் திரும்பும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கான உத்தரவாதத் தொகையைக் கடைசி வருடத்தில் கேட்டால் கிடைக்காது, முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும். வீட்டுக் கிணறு இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அந்தத் தண்ணீரையும் பரிசோதனையில் சேர்த்துவிடுங்கள்.

ரோட்டை அகலப்படுத்த அரசு முன்பகுதியை எடுத்துக்கொண்டால் நட்டஈடு யாருக்கு என்றும் ஒரு பத்தி வேண்டும். நிலத்தின் மதிப்பு உங்களுக்கு, கட்டடமும் வியாபாரமும் அவர்களுக்கு. அந்தப் பாதையில் அகலப்படுத்துவது நடக்காத காரியம் இல்லை.

தம்பியிடம் கோபிக்காதீர்கள். அவர் சொல்வது போல நிலம் சும்மா கிடப்பதைவிட எண்ணெய் நிலையம் வருவது நல்லதுதான், அந்த இடத்துக்கு அது பொருந்தவும் பொருந்தும். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வாரமே வேண்டாம், இந்தத் தாளில் வேண்டாம். திங்கள்கிழமை அண்ணனைச் சுங்கை ஜாவிக்கு அனுப்பி ஒரு அதிகாரபூர்வத் தேடல் எடுக்கச் சொல்லுங்கள், கிராண்டில் தடையோ பழைய அடகோ இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். வாரிசு மனுவுக்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உங்கள் எல்லார் பிறப்புப் பத்திரம், அம்மாவின் திருமணப் பத்திரம் மூன்றையும் எடுத்து வையுங்கள். அம்மாவின் திருமணம் கோயிலில் மட்டும் நடந்து பதியாமல் இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த மனிதருக்கு இரண்டு வரி எழுதினால் போதும்: சொத்துப் பங்கீடு முடியும்வரை குடும்பம் எதிலும் கையெழுத்திட இயலாது, விருப்பமிருந்தால் அதன்பிறகு எங்கள் வழக்கறிஞரிடம் வரைவை அனுப்பவும். செக்கைத் தபாலில் அனுப்ப வேண்டாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து போய் நேரில் திருப்பிக் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் "செக் பெற்றுக்கொண்டேன்" என்று அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு வரட்டும்.